என்னைத் தவழவிட்ட வீடியோ

முதலில் என்னென்ன கட்டினேன் என்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் மற்றதைப் பேசலாம். சேரப்பணஞ்சேரியிலிருந்து ஒரகடம் போகிற வழியில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி நீலத் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட் இருக்கிறது. அது நான் கட்டியது. அதில் கம்பெனிகளுக்கு பேலட் செய்கிறோம். பேலட் என்றால் சரக்குப் பெட்டிகளை அடுக்கி, அடியில் ஃபோர்க் லிஃப்ட் வண்டியின் இரண்டு கம்பிகளை விட்டுத் தூக்குவார்களே, அந்த மரத் தட்டு. இந்தப் பக்கம் செய்கிற கார் பாகங்கள் அதன்மேல் உட்காராமல் கப்பல் ஏறாது. ஷெட்டுக்குப் பின்னால் மரத்தைச் சூடேற்றிப் பூச்சியைக் கொல்கிற அறை இருக்கிறது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் அதைச் சொந்தமாக வைத்த முதல் ஆள் நான்தான். இல்லை என்பவர்கள் என் முன்னால் வந்து சொல்லட்டும். லாரி இரண்டு. மாடி வைத்த வீடு. இரண்டு பெண்களை இன்ஜினியரிங் படிக்க வைத்தேன். மணிமங்கலத்தில் ஒரு மனையும் இருக்கிறது.

நான் படித்தது அஞ்சாவது. இடது கால் சின்ன வயசிலேயே போலியோவில் சூம்பிவிட்டது. இடது கையால் தொடையை அழுத்திக்கொண்டு நடப்பேன். பேங்க்கில் லோன் கேட்டுப் போனபோது மேனேஜர் என் காலைத்தான் பார்த்தார், கொண்டுபோன பேப்பரைப் புரட்டவேயில்லை. அவர் மாறிப் போய், அடுத்தவரும் மாறிப் போய், மூன்றாவது மேனேஜர் என் ஷெட்டுக்கே வந்து டீ குடித்துவிட்டு லோன் கொடுத்தார். இதையெல்லாம் பெருமைக்குச் சொல்கிறேனா என்றால், ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன். சம்பாதித்த பெருமையை வேறு யாருக்கு விட்டுக்கொடுக்கச் சொல்கிறீர்கள்?

இங்கே கம்பெனிகள் வந்த புதிதில் ஊர்ப் பையன்கள் எல்லாம் கேட்டில் வரிசையில் நின்றார்கள். நானும் நின்றேன். செக்யூரிட்டி என்னை வரிசையிலிருந்து தனியாக வெளியே கூப்பிட்டு, "நீ இன்னாத்துக்குப்பா வெயில்ல நிக்கிற, வூட்டுக்குப் போ" என்றான். கெட்டவன் இல்லை, நல்லபடியாகத்தான் சொன்னான். நான் வீட்டுக்குப் போகாமல் கம்பெனியைச் சுற்றிக்கொண்டு பின் கேட்டுக்குப் போனேன். அங்கே வெளிநாட்டு மெஷின்கள் வந்திறங்கிய பைன் மரப் பெட்டிகளை உடைத்து மலை மாதிரி குவித்திருந்தார்கள். விறகுக்குப் போகிற மரம். அதை எடுத்துவந்து ஆணி பிடுங்கி, வளைந்த ஆணியை நிமிர்த்தி, அதே ஆணியால் அடித்து முதல் பேலட்டைச் செய்தேன். அந்தக் கம்பெனியே அதை வாங்கிக்கொண்டது.

பேலட் அடிக்கிற வேலை தரையில் குந்தியபடி செய்கிற வேலை. பலகைகளை வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றாக நகர்ந்து நகர்ந்து ஆணி இறக்க வேண்டும். எனக்குக் குந்த வராது. பழைய இரும்புக் கடையில் கம்பெனி டிராலியின் சக்கரங்கள் கிடந்தன. அதை வாங்கி ஒரு பலகைக்கு அடியில் வைத்து முடுக்கினேன். மேலே கோணியை மடித்துப் போட்டேன். பக்கத்தில் ஆணி டப்பா, சுத்தியல் மாட்ட ஒரு கொக்கி. உட்கார்ந்து வலது காலால் ஒரு தள்ளு தள்ளினால் அடுத்த பேலட்டுக்கு எதிரே போய் நிற்கும். உருட்டுப் பலகை என்று பேர் வைத்தேன்.

வேலைக்கு வந்தவர்கள் பாதிக்கு மேல் தெக்கத்திப் பையன்கள். படப்பையிலும் குன்றத்தூரிலும் ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்கள். ஒருநாள் நான் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ஒருவன் என் பலகையில் உட்கார்ந்து வரிசையை முடித்துக்கொண்டிருக்கிறான்.

"இறங்குடா, அது எனக்குச் செஞ்சது."

"அண்ணாச்சி, இடுப்பு வலியே தெரியல அண்ணாச்சி. எனக்கொண்ணு செஞ்சு தாங்க, ஓ.டி.கூட கேக்க மாட்டேன்."

ஓவர்டைம் காசு கேட்க மாட்டேன் என்றது பொய். இருந்தாலும் செய்து கொடுத்தேன். அப்புறம் எல்லோருக்கும் செய்தேன். ஒரு சக்கரம் உடைந்து பலகை ஒன்று குறைந்தால் அன்றைக்கு ஷெட்டில் நடக்கிற சண்டையைப் பார்க்க வேண்டும். எலெக்‌ஷனில் சீட்டுக்குக்கூட இப்படி அடித்துக்கொள்ள மாட்டார்கள்.

இதுதான் நிலவரம். இப்படி இருக்கும்போதுதான் வீடியோ எடுக்க வந்தார்கள்.

நாங்கள் அதிகமாகச் சரக்குப் போடுகிற கம்பெனி ஒன்று இருக்கிறது. பேர் வேண்டாம். அங்கே நலப்பிரிவு என்று ஒரு ஆபீஸ் உண்டு. மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு என்னைப் பற்றி வீடியோ எடுக்க வேண்டும் என்று இன்டர்நெட் சேனல்காரர்களை அனுப்பினார்கள். தலைமைக்கு ஒரு தம்பி, தொப்பியைத் திருப்பிப் போட்டிருந்தான். கூட கேமராக்காரர்கள், மேலே பறக்கவிடுகிற ட்ரோன். நான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு காத்திருந்தேன். என் வீட்டுக்காரி மீன் குழம்பு வைத்திருந்தாள்.

தம்பி என்னை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, "ஐயா, பழைய சட்டை ஏதாவது இருக்கா?" என்றான்.

வீட்டுக்காரி உள்ளேயிருந்து வந்தாள். "பழசெல்லாம் லாரி தொடைக்கப் போட்டாச்சு. கிரீஸோட கீது, எடுத்தாந்து தரட்டுமா?"

அவன் சிரித்து மழுப்பினான். வாசலில் நின்ற என் காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொன்னான். ஆபீஸ் ரூமைப் படம் எடுக்கவில்லை, சூடேற்றும் அறையையும் எடுக்கவில்லை. ஷெட்டுக்குள் போனதும், பலகைகளில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்த பையன்களை எல்லாம் எழுந்து ஓரமாக நிற்கச் சொன்னான். என்னை மட்டும் உட்காரச் சொன்னான். "மெதுவா தள்ளிக்கிட்டு வாங்க ஐயா. இன்னும் மெதுவா." நான் மெதுவாகத் தள்ளுவதில்லை, வேகமாகத்தான் போவேன். அவனுக்காக மெதுவாகத் தள்ளினேன். கேமராவுக்கு இப்படித்தான் வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் உட்காரவைத்துக் கேள்வி. "உங்களை யாரெல்லாம் கேவலமாப் பேசியிருக்காங்க ஐயா? அழுகை வந்தா அடக்காதீங்க."

"அழுகை வரலை தம்பி, பசிதான் வருது. மீன் கொழம்பு ஆறிப்போவுது" என்றேன்.

ஆனாலும் நிறையப் பேசினேன். எந்த மரத்துக்கு எந்த ஆணி, சூடு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், மழைக்காலத்தில் ஈர மரத்தை எப்படித் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பது, கம்பெனி பர்சேஸ்காரர்களோடு எப்படி மல்லுக்கட்டி விலை வாங்குவது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். குழம்பையும் நன்றாகச் சாப்பிட்டான்.

வீடியோ வந்த அன்று வீட்டு ஹாலில் டிவியில் போட்டுப் பார்த்தோம். ஷெட் பையன்களும் வந்திருந்தார்கள். வயலின் அழுதது. கலர் போய்க் கருப்பு வெள்ளையானது. பெரிய காலி ஷெட்டில் நான் ஒருவன் மட்டும் தரையோடு தரையாக நகர்ந்து வந்தேன். சக்கரம் தெரியாத மாதிரி எடுத்திருந்தார்கள். பின்னால் ஒரு குரல், கால்கள் கைவிட்ட பிறகு தவழ்ந்தே வாழ்க்கையை நகர்த்தும் இந்த முதியவருக்கு இந்தக் கம்பெனியின் கருணைதான் வாழ்வு கொடுத்தது என்றது. நான் பேசியதில் ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. என் வாய் அசைந்தது, வயலின்தான் கேட்டது.

முதன்முதலில் பலகை கேட்டவன்தான் ஆரம்பித்தான். "அண்ணாச்சி, நாங்கள்லாம் எங்க போனோம்? செத்துட்டமா?"

வீட்டுக்காரி, "இன்னாய்யா இது, நானே உன்னைப் பிச்சைக்குத் தட்டு குடுத்து அனுப்புன மாதிரி கீது" என்றாள்.

டிவியில், சினிமாவில் என் மாதிரி ஆட்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. காலை இழுத்து நடக்கிறவன் வந்தால் ஒன்று வில்லனுக்குக் கையாள், இல்லை ஹீரோ காப்பாற்ற வேண்டிய ஆள், இல்லை அவன் நடையை நடந்து காட்டி நாலு பேர் சிரிக்க. பொண்ணாக இருந்தால் கல்யாணமாகாத தங்கச்சி, ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போகிறவன் ஒருவனைக்கூட நான் பார்த்ததில்லை. சம்சாரத்தோடு சண்டை போடுகிறவனையும் காட்ட மாட்டார்கள். பேப்பரில் வந்தால் 'ஊனத்தை வென்ற' என்று ஆரம்பிப்பார்கள். சினிமாவைப் பார்த்துவிட்டு நான் சிரித்துக்கொண்டு எழுந்து வந்துவிடுவேன். அது யாரோ. இந்த வீடியோவில் இருந்தது என் மூஞ்சி.

வீடியோவின் பலன் முதலில் சின்னச் சின்னதாகத்தான் வந்தது. குன்றத்தூரில் இருக்கிற என் மச்சினிச்சி போன் செய்து அழுதாள். அவளுக்கு வாரா வாரம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, காரும் தெரியும், எல்லாம் தெரியும், ஆனாலும் அழுதாள். படப்பையில் டீக்கடைக்காரர் காசு வாங்க மாட்டேன் என்றார். அவர் கடை பெஞ்சே நான் செய்து விற்றது. பேரம் பேசித்தான் விற்றேன்.

ஒரு விஷயம் மட்டும் நல்லதாகப் பட்டது. வீடியோ வந்த பிறகு அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு பேலட்கூடத் திரும்பி வரவில்லை. அங்கே வழக்கம் என்னவென்றால், லோடு இறங்குகிற இடத்தில் தரம் பார்க்க ஒரு பெண் நிற்பாள். தூத்துக்குடிப் பக்கம், டிப்ளமோ படித்தவள், கையில் ஒரு ஸ்கேல் வைத்திருப்பாள். ஆணித்தலை மேலே துருத்தியிருந்தாலோ பலகை பிளந்திருந்தாலோ சிவப்புச் சீட்டு ஒட்டிவிடுவாள். சிவப்புச் சீட்டு ஒட்டியது அதே லாரியில் திரும்பிவிடும். அவளைத் திட்டிக்கொண்டேதான் எத்தனையோ தடவை வீட்டுக்கு வந்திருக்கிறேன். இப்போது சீட்டே இல்லாமல் லாரி காலியாகத் திரும்புகிறது. என் ஷெட் வேலை குறையில்லாத வேலை ஆகிவிட்டது என்று நினைத்து, பையன்கள் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிப் போட்டேன். "ஒரு சீட்டு இல்லடா! நம்ம கை அந்த மாதிரி!" என்று பேசவும் பேசினேன்.

அப்புறம் ஒருநாள் புதிதாக வந்த ஆள் ஆணி அடித்த லோடு ஒன்று எனக்குத் தெரியாமல் ஏறிப் போய்விட்டது. தெரிந்ததும் காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். போவதற்குள் இறக்கிவிட்டார்கள். ஆணித்தலைகள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நிற்கின்றன. அந்தப் பெண் பக்கத்திலேயே நிற்கிறாள். ஒரு சீட்டும் ஒட்டவில்லை.

"இன்னாம்மா, இந்த ஆணிய நீ பாக்கலியா?"

"பாத்தேன் ஐயா."

"பாத்துட்டு இன்னாத்துக்கு சும்மா நிக்கிற? சீட்டு எங்க?"

அவள் ஸ்கேலைப் பையில் செருகிக்கொண்டாள். "மேல சொல்லியிருக்காவ ஐயா. உங்க லோடைத் திருப்பக் கூடாதுன்னு. அந்த வீடியோவப் பாத்ததுல எல்லாருக்கும் மனசு கஷ்டமாயிட்டு."

"அப்ப இந்த ஆணி பெட்டியக் கிழிச்சா?"

"அதுக்குத்தான் அவர வச்சிருக்கோம்" என்று கையைக் காட்டினாள். சுவரோரம் ஒரு ஆள் சுத்தியலோடு உட்கார்ந்து என் பேலட்டுகளின் ஆணிகளைத் தட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து நின்றான்.

நான் பிரியாணி போட்ட நாளிலும் அவன் அங்கே உட்கார்ந்து தட்டியிருக்கிறான்.

"சீட்டக் குடும்மா."

"ஐயா, எனக்கு ஏச்சு விழும்."

"நீ ஒட்ட வேணாம். நானே ஒட்டிக்கிறேன்."

அவள் கொடுக்கவில்லை. ஆனால் சீட்டுக் கட்டை மேசை மேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். நான் ஒவ்வொன்றாகப் பார்த்து ஒட்டினேன். என் கண்ணுக்கு அவள் கண்ணைவிட அதிகம் தெரியும், அதனால் அவள் ஒட்டியிருப்பதைவிட நிறையவே ஒட்டினேன். லாரியில் ஏற்றித் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

இது மேலே போனது. பர்சேஸ் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். முன்னால் இருந்த மேனேஜர் என்னை நிற்கவைத்தே விலையைக் குறைப்பார். அது சரியில்லைதான். ஆனால் அவருக்கு நான் ஒரு வியாபாரி. இவர் எழுந்து வந்து நாற்காலியைப் பிடித்து உட்காரவைத்தார், ஜூஸ் வரவழைத்தார், ஐயா ஐயா என்றார், விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"உங்களைக் கஷ்டப்படுத்த வேணாம்னு நினைக்கிறோம் ஐயா. ரெகுலர் ஆர்டரை வேற பார்ட்டிக்கு மாத்துறோம். உங்ககிட்ட நலப்பிரிவு மூலமா மாசாமாசம் கொஞ்சம் வாங்கிக்கிறோம். தரம் எப்படி இருந்தாலும் பரவால்ல."

"இன்னாத்துக்கு சார் மாத்துறீங்க?"

"வீடியோ பாத்தோமே ஐயா. நீங்க ஒருத்தரே தவழ்ந்து தவழ்ந்து... இவ்ளோ பெரிய லோடை அப்படி ஒருத்தரை நம்பி வைக்கிறது எங்களுக்கும் ரிஸ்க் இல்லியா?"

அந்த ஆர்டர் போனால் ஷெட்டில் பாதிப் பேருக்கு வேலை கிடையாது. இவ்வளவு நாள் சரக்கு வாங்கியவர், லாரி லாரியாக இறக்கியவர், அது ஒரு கிழவன் தவழ்ந்து செய்ததாக நினைக்கிறார். கம்பெனிக்கும் என் ஷெட்டுக்கும் நடுவில் ஒரு ஏரிக்கரைதான். ஒருநாளும் வந்து பார்த்ததில்லை. வீடியோவைப் பார்த்திருக்கிறார்.

"சார், எனக்கு ஆடிட் வைங்க" என்றேன். "எல்லா வெண்டருக்கும் வைக்கிற அதே ஆடிட். அந்தத் தூத்துக்குடிப் பொண்ணையே அனுப்புங்க. ஃபெயில் ஆனா ஆர்டரை எடுத்துக்குங்க, நான் வாயத் தொறக்க மாட்டேன். உங்க நலப்பிரிவு வேணாம்."

அவருக்குச் சங்கடம். ஜூஸைக் குடிக்கச் சொன்னார். நான் குடிக்கவில்லை. கடைசியில் சரி என்றார்.

அவள் வந்தாள். முதலில் ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டாள். வரிசையாகப் பையன்கள் பலகைகளில் உருண்டு போய்க்கொண்டிருந்தார்கள், ஆணி இறங்குகிற சத்தம் மழை மாதிரி. "எல்லாருமா இதுல இருக்காவ?" என்று கேட்டாள். ஒருவனை இறக்கிவிட்டுத் தானே உட்கார்ந்து ஒரு தள்ளு தள்ளியும் பார்த்தாள். அப்புறம் ஸ்கேலை எடுத்தாள். சாயங்காலம்வரை பார்த்தாள். தீயணைப்பு சிலிண்டர் தேதி முடிந்துபோனது ஒரு தப்பு. சூடேற்றும் அறைக் கதவில் இடுக்கு வழியாகச் சூடு வெளியேறுகிறது, அது ஒரு தப்பு. "ஃபெயில் ஐயா" என்றாள் என் மூஞ்சியைப் பார்த்து. எனக்கு அவ்வளவு சந்தோஷம். வீட்டுக்காரியைக் கூப்பிட்டு அவளுக்குக் காபி போடச் சொன்னேன்.

"ஃபெயிலாக்குனதுக்கா காபி?" என்றாள் வீட்டுக்காரி.

"பாஸ் போட்டிருந்தா தண்ணிகூடக் குடுத்திருக்க மாட்டேன்" என்றேன்.

தப்பைச் சரி செய்ய எல்லா வெண்டருக்கும் ஒரு தடவை உண்டு, எனக்கும் அதே. இரண்டையும் சரி செய்து மறுபடி வரச் சொன்னேன். வந்தாள், பாஸ் போட்டாள். ஆனால் அதற்குள் வேறு பார்ட்டிக்குக் கொடுத்த பாதி ஆர்டர் போனது போனதுதான். மீதிப் பாதி எனக்கு வந்தது. ஷெட்டில் சிலரை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. 'செத்துட்டமா' என்று கேட்டவனும் வேறு கம்பெனி லைனுக்குப் போய்விட்டான். போகும்போது பலகையை எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டான், கொடுத்தனுப்பினேன். சிவப்புச் சீட்டு இப்போது பழையபடி வருகிறது. நானும் பழையபடி திட்டுகிறேன்.

இதற்கிடையில் சேனல் தம்பிக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவனும் கெட்டவன் இல்லை, அவனுக்கே வருத்தம்தான். "ஐயா, அந்த வீடியோவ ரொம்பப் பேர் பாத்துட்டாங்க. கமெண்ட்ல எல்லாரும் அழறாங்க. எடுக்க முடியாது. வேணும்னா பார்ட் டூ பண்ணலாம். நீங்க கார் ஓட்டிக்கிட்டு வர்றீங்க, மாஸ் மியூசிக் போடுறோம். ஊனத்தை ஜெயிச்ச சிங்கம்னு."

"தம்பி, நான் என் காலை ஜெயிக்கல. அது பாட்டுக்கு அது அப்படியேதான் கீது. நான் ஜெயிச்சது இந்த ரோட்டுல பேலட் போடுற மத்த பார்ட்டிங்கள. அத எடு."

"அதுல எமோஷன் இல்லியே ஐயா."

ஒரு ஆள் நல்ல சரக்கைச் செய்து சரியான விலைக்கு விற்றதில் எமோஷன் இல்லையாம். தோற்றவர்களைக் கேட்டால் தெரியும் எவ்வளவு எமோஷன் என்று.

அந்த வீடியோ இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசியில் பேர்கள் மேலே ஏறிப் போகும். எழுத்து, இசை, குரல், ட்ரோன், கலர் சரி செய்தவர் என்று ஒவ்வொருவருக்கும் பேர் இருக்கிறது. சிறப்பு நன்றி என்று கம்பெனி பேர் பெரிய எழுத்தில் வருகிறது. நான் அதில் 'ஒரு மாற்றுத்திறனாளி முதியவர்'. வீடியோவை எடுக்க முடியாது என்றால் எடுக்க வேண்டாம். வயலினும் இருக்கட்டும். நான் கேட்பது ஒன்றுதான். வீடியோ ஆரம்பிக்கும்போதே, யாரும் தள்ளிவிட்டுப் போக முடியாத இடத்தில் போட வேண்டும்: இந்த ஷெட்டைக் கட்டியவர் இவர், இந்தப் பலகையை யோசித்துச் செய்தவர் இவர், இவருக்கு யாரும் வாழ்வு கொடுக்கவில்லை, அந்தக் கம்பெனி இவரிடம் சரக்கு வாங்குகிற கஸ்டமர்களில் ஒன்று. கம்பெனியும் அதைத் தன் இன்டர்நெட் பக்கத்தில் போட வேண்டும். என் பேரை எப்படி எழுதுவது என்று தம்பியின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். இனிஷியலோடு போட வேண்டும்.